இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

கண்ணமங்கலத்துக்கு அருகே இருந்த இறக்கத்தில், பவுல்துரை வழக்கம்போல தன் வாடகைக் காரை நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை அணைத்தார். டயாலிசிஸ் முடித்த சம்பந்தத்தையும் அவர் மனைவி அபிதகுசாம்பாளையும் வேலூரிலிருந்து ஆரணிக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். மாதம் முழுக்க ஒரே வாடகை என்பதால் மிச்சமாகும் பெட்ரோல் அவருக்கு.

வளைவில் ஆடுகள் குறுக்கிட்டன. முதல் மிதிக்கு வேகம் குறைந்தது. அடுத்த மிதிகளில் பிரேக் கல்லாக இறுகிவிட்டது. ஸ்டியரிங்கும் கனத்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்த பிறகுதான், கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. சம்பந்தம் முன்சீட்டில் மோதியதில், ஊசி குத்திய இடத்துக் கட்டு ரத்தத்தில் நனைந்தது. வீடு வரும்வரை அபிதகுசாம்பாள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"இனிமே நீங்க வரவேணாங்க," என்றாள் இறங்கும்போது.

வாடகை போனதைவிட, மூன்று முறை கழுவியும் போகாத சீட்டுக் கறைதான் அவரை வதைத்தது. பஞ்சர் கடை சுகன்யாவிடம் நடந்ததைச் சொன்னார். டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாருண்ணா சொன்னது இத? இன்ஜின் நின்னா பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிடும். கியர்லயே உட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுங்க. இறக்கத்துல இன்ஜினுக்குப் பெட்ரோலே போவாது, வண்டியும் உங்க கைல இருக்கும். இத பாருங்க, முப்பத்திரண்டு இருக்கவேண்டிய காத்து இருபத்திரண்டுதான் இருக்கு. உங்க பெட்ரோலு இதுலதான் போய்கினு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேரே சம்பந்தம் வீட்டுக்குப் போனார். பிரேக் கோளாறு என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"பிரேக்குல ஒண்ணுமில்லம்மா. பெட்ரோல் மிச்சம் புடிக்க நான்தான் இன்ஜின ஆஃப் பண்ணேன். இனிமே பண்ணமாட்டேன்."

உள்ளேயிருந்து சம்பந்தத்தின் குரல் வந்தது: "கேக்காமயே சொல்றாரு பாரு."

"செவ்வாக்கெழம அஞ்சு மணிக்கு வாங்க," என்றாள் அபிதகுசாம்பாள். "நான் முன்னாடி உக்காருவேன்."

செவ்வாய்க்கிழமை திரும்பும்போது இறக்கம் முழுக்க அவள் கண் கியரைவிட்டு நகரவில்லை. மூன்றாவது கியரில் வண்டி முனகிக்கொண்டே அடக்கமாக இறங்கியது. பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸுக்கு அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

சமதளம் வந்து கொஞ்ச தூரம் போனதும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அபிதகுசாம்பாள் தூங்கிப் போயிருந்தாள். பவுல்துரை வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.