பக்கத்து நாற்காலியில் ஹெரால்ட்

அமெரிக்காவின் டுலூத் நகரக் கல்லூரியில் மேரனும் டெவினும் வகுப்புக்காகப் பேருந்துச் செயலி ஒன்றை உருவாக்கி, அதைப் பயன்படுத்திப் பார்க்க ஆட்களை அழைத்திருந்தார்கள். டிக்கெட்டை ரத்து செய்யும் பொத்தானை மட்டும் அதுவரை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று வந்தவர் எட்னா, எழுபது வயதைத் தாண்டியவர்.

"மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. நாங்க எதுவும் சொல்லித் தரமாட்டோம்," என்றாள் மேரன்.

எட்னாவும் அதே இடத்தில்தான் திணறினார். பிறகு பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்து, "ஹெரால்ட், எங்க இருக்கு இது?" என்றார். யாரோ பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்தார். "அட, பஸ் படத்துக்கு அடியிலயா! நல்லா ஒளிச்சு வச்சிருக்காங்க," என்று சிரித்தபடி சரியான இடத்தில் அழுத்தினார்.

மேரன் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். "ஹெரால்ட் யாருங்க?"

"என் வீட்டுக்காரர். போன குளிர்காலத்துல தவறிட்டார். இப்பவும் சும்மா இருக்கமாட்டார், குறுக்க குறுக்க பேசுவார்."

அவர் போனபின் இருவரும், சோதனையின்போது எடுத்திருந்த ஒலிப்பதிவை மறுபடி போட்டுக் கேட்டார்கள். அந்த இடத்தில் எட்னாவின் குரல் மட்டுமே இருந்தது.

"யார் உதவியும் இல்லாம முடிச்சாங்கன்னு அறிக்கையில எழுதிடவா?" என்று டெவின் மெல்லக் கேட்டான்.

மேரன் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவேயில்லை. "வேண்டாம். உதவியோடன்னே எழுது."