நாற்பத்தேழு முகங்கள்

என் கடையில் ஓடுவது முன்னூறு எம்பிபிஎஸ் வேக ஃபைபர் இன்டர்நெட். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஆன்லைன் சர்வீஸ் நடத்துகிற எவரிடமும் இந்த வேகம் கிடையாது. ஹால் டிக்கெட்டோ, வருமானச் சான்றிதழோ, விமான டிக்கெட்டோ, மற்ற கடையில் ஸ்கிரீனை முறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் செவந்தி பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்திருப்பாள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அப்படிப்பட்ட கடையில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் ஊர்ச் சங்கத்தின் வெப்சைட் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ஒன்பதே காலுக்கு அண்ணி போன் பண்ணினார். என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் மகள் காவ்யாவுக்கு அன்றைக்கு விடியற்காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்துதான் நான் கடையைத் திறந்தேன்.

"செவந்தி, காவ்யாவுக்கு ரத்தம் நிக்கலடி. ஓ நெகட்டிவ் வேணுமாம். இங்க இருப்பு இல்லையாம். வெளியூர்லேர்ந்து வரவழைக்கிறாங்க, வந்து சேர மத்தியானம் ரெண்டு மணி ஆயிரும்ங்கிறாங்க. அதுவரைக்கும் தாங்குறதுக்கு ஒரு ஆளாச்சும் வேணும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"அழாதீங்கண்ணி. இந்தா, இப்பவே ஆளப் புடிக்கிறேன்" என்றேன்.

அவ்வளவு தெம்பாகச் சொன்னதற்குக் காரணம் அந்த வெப்சைட்தான். குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர் ஆண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைத் திரட்டி சைட்டில் போட்டது. எங்கள் ஊர் மட்டுமல்ல, அரிமளம், திருமயம் வரைக்கும் முன்னூறு பேருக்கு மேல் ரத்த வகையும் போன் நம்பரும் கொடுத்திருந்தார்கள்.

திறந்தேன். வெள்ளைத் திரை. நடுவில் கூப்பிய இரண்டு கைகள். அதன் கீழே 'வருக வருக'. கைகளைச் சுற்றி ஒரு பூவளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ரெஃப்ரெஷ் அடித்தேன். மறுபடியும் கை, மறுபடியும் வருக வருக. எவ்வளவு நேரம்தான் வருவது? போனில் திறந்தேன், அதிலும் கும்பிடு. அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறினேன். ஒரு நிமிடம் பார்ப்பேன், பொறுக்காது, ரெஃப்ரெஷை ஓங்கி ஒரு அடி. கீபோர்டில் அந்தச் சாவி கழன்று வராதது அதிசயம்.

நடுவில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அவசரம், ஓ நெகட்டிவ், காவ்யாவுக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குரூப். மளமளவென்று முப்பது கும்பிடு வந்து விழுந்தது. 'விரைவில் நலம்பெற வேண்டுகிறேன்' என்றார் ஒருவர். இன்னொரு புத்திசாலி, 'நமது வெப்சைட்டில் பட்டியல் உள்ளது, பயன்படுத்திக்கொள்ளவும்' என்று அந்தப் பாழாய்ப்போன சைட்டின் முகவரியை எனக்கே அனுப்பினார். அந்தப் பட்டியலை குரூப்பிலேயே போட்டு வைக்கச் சொல்லிப் போன வருடம் கேட்டோம். "அப்பறம் சைட்டுக்குள்ள எவன் வருவான்?" என்று மறுத்தவர் சங்கத் தலைவர் பெரியண்ணன். இப்போது நான் வருகிறேன் என்கிறேன், விடமாட்டேன் என்கிறது.

இருபது நிமிடம் போனது. அண்ணி மறுபடி கூப்பிட்டார். எடுக்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்து ஆரோக்கியதாஸுக்குப் போன் போட்டேன். எங்களுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுத்தவன், அடுத்த தெருவில்தான் ஆபீஸ்.

"ஏன்டா தாஸு, முன்னூறுன்னு சொல்லிட்டு என்னத்தடா குடுக்கிற? அங்க ஒரு புள்ள உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்குது, இங்க ஒரு பக்கம் தொறக்க மாட்டேங்குது!"

பாவம், போட்டது போட்டபடி ஓடி வந்தான். வேகத்தை அளந்து காட்டினான். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. ஏதோ ஒரு வீடியோவைத் தட்டினான், கண்ணாடி போல ஓடியது.

"நம்ம லைன்ல கொறை இல்லக்கா. இத எத்தன தடவ ரெஃப்ரெஷ் அடிச்சீங்க?"

"எண்ணிக்கிட்டா அடிப்பாங்க?"

"ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்க்கா. வந்த வரைக்கும் வீணாப் போயிரும்."

அவன் ஒரு சாவியைத் தட்டினான். திரையின் ஓரத்தில் நீளமாக ஒரு ஜாபிதா இறங்கியது. அந்தப் பக்கம் திறப்பதற்காக எதையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான ஜாபிதா.

"இந்தா பாருங்க. எல்லாம் போட்டோ. நாப்பத்தேழு இருக்கு. ஒவ்வொண்ணும் இருபது எம்பி, இருபத்திரெண்டு எம்பி. இருபதடி ஃப்ளெக்ஸ் அடிக்கிறதுக்கு ஸ்டுடியோல குடுப்பாங்கள்ல, அத அப்புடியே போட்டிருக்காங்க. இது மொத்தமும் எறங்குனாத்தான் அந்தக் கும்புடுற கைய எடுக்கணும்னு வேற எழுதி வச்சிருக்காங்க."

"எறங்கட்டும். நம்மகிட்டதான் முன்னூறு இருக்கே?"

"ஒங்க வீட்டு பைப்பு எம்புட்டுப் பெருசா இருந்து என்னக்கா? அங்கிட்டு டேங்க்லேர்ந்து நூல் மாதிரில்ல விடுறான். சைட்ட வச்சிருக்கிறது ரொம்ப மட்டமான வாடகை எடம். அது வேகமாக் குடுக்காது. நீங்க ஆயிரம் போட்டாலும் இது இப்புடித்தான் தொறக்கும்."

நாற்பத்தேழு பேர் யார் என்று எனக்குத் தெரியாதா? நன்கொடை கொடுத்தவர்கள். எங்கள் பக்கம் காதுகுத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தாலும் பங்காளி, மாமன், மச்சான் எல்லார் முகமும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் அந்த வீட்டிலிருந்து விசேஷத்துக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். சைட்டையும் ஃப்ளெக்ஸாகவே நினைத்துவிட்டார்கள். கூலிங்கிளாஸ் போட்டவர், காரில் சாய்ந்து நிற்பவர், ஒட்டகத்தோடு நிற்பவர். இத்தனை பேரும் மினுமினுப்பாக வந்து நின்ற பிறகுதான், கடைசியில், ஒரு பொடி எழுத்துப் பட்டியல். காவ்யாவின் உயிர் அந்த ஒட்டகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியண்ணன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் கடைக்குப் போலீஸ் வந்திருக்கும்.

அப்போதுதான் தாஸ் ஜாபிதாவின் ஒரு வரியில் விரலை வைத்தான். "எல்லாத்தவிடப் பெருசு இதுதான்க்கா. இருபத்தாறு எம்பி." பக்கத்தில் பெயர் இருந்தது. ரத்தினவேல், ஒரிஜினல்.

ரத்தினவேல் என் வீட்டுக்காரர்.

சைட் ஆரம்பித்த புதிதில் இந்தப் போட்டோக்கள் எல்லாம் சின்னதாகத்தான் இருந்தன. சைட்டைச் செய்த ரகுநாத், எங்கள் ஊர்ப் பையன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, அழகாகச் சுருக்கித்தான் போட்டிருந்தான். சுருக்கியதில் என் வீட்டுக்காரர் முகம் மட்டும் கொஞ்சம் கலங்கிவிட்டது. "என் மூஞ்சி மட்டும் ஏன் செவந்தி இப்புடி இருக்கு?" என்று குவைத்திலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டார். போதாதா? பெரியண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, "எட்டு வருசமா வெயில்ல வேகுற மனுசன் மூஞ்சி ஒங்களுக்கு எளக்காரமாப் போச்சா?" என்று தெருவே கூடும்படி கத்தினேன். ரகுநாத் ஒரிஜினலை ஏற்றினான். மறுநாளே மற்ற நாற்பத்தாறு வீட்டிலிருந்தும் கேட்டார்கள். நான் பெருமையாக இருந்தேன், ஊருக்கே நியாயம் வாங்கிக் கொடுத்த மாதிரி.

இவ்வளவு நேரம் யாரைத் திட்டினேனோ அந்த ஆள் நான்தான்.

ரகுநாத்துக்குப் போன் அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல, பெரிய போட்டோ போட்டா சைட்டு இழுக்கும்னு. நீங்கதானக்கா…"

"ஆமாடா, நான்தான். அதுக்கு அப்பறமா வந்து என்னைச் செருப்பால அடி. இப்ப அந்த லிஸ்ட்டப் படி!"

சைட்டைச் செய்தவன் என்பதால், போட்டோக்களுக்குக் காத்திருக்காமல் உள்ளே இருந்தே பட்டியலைத் திறக்க அவனால் முடியும். நிமிடத்தில் படித்துவிட்டான். ஒன்பதே காலுக்கு இவனைக் கூப்பிட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். இப்போது மணி பத்து.

ஓ நெகட்டிவ் ஏழு பேர். மூன்று பேர் குவைத், ஒருவர் சிங்கப்பூர். ஊரில் இல்லாதவர்கள் ரத்தம் கொடுக்கப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், என்ன சொல்ல? ஐந்தாமவர் போன் அணைந்து கிடந்தது. ஆறாமவருக்கு வயது அறுபத்தெட்டு, சர்க்கரை வேறு. ஏழாமவர் அரிமளத்தில் மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கும் குழந்தைசாமி. முன்பின் தெரியாத மனிதர். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்த ஆஸ்பத்திரிங்க? இந்தா, வாரேன்."

முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கிரீஸ். சோதனைகளை முடித்து, அவர் ரத்தம் காவ்யா உடம்பில் இறங்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டு. காவ்யாவின் உதடு பேப்பர் மாதிரி வெளுத்திருந்தது. அண்ணி அவள் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார். இரண்டு மணிக்கு வெளியூர் ரத்தமும் வந்தது. நான்கு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, "இனிமே பயமில்ல. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா கர்ப்பப்பைய எடுத்திருக்கணும்" என்றார். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை.

குழந்தைசாமிக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தபோது அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். "எம் பேரு இருக்கான்னு நானும் ரெண்டு தடவ அந்த சைட்டப் பாத்தேங்க. தொறக்கவே இல்ல. சரி, மூடிட்டாங்க போலன்னு இருந்துட்டேன்."

நேராகப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கிருந்தே ரகுநாத்தை ஸ்பீக்கரில் போட்டேன். முதல் பக்கத்தில் ஒரு போட்டோ இருக்கக் கூடாது, பட்டியல் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றேன்.

பெரியண்ணன் பதறினார். "அது எப்புடித்தா? அவங்க குடுத்த காசுல நடக்குற சைட்டு. வேணும்னா கொஞ்சம் சின்னதாக்கிப் போடுவோம்."

"சின்னதாக்குனா நாளைக்கே ஒருத்தி வந்து வாசல்ல நின்னு கத்துவா. நான் கத்துனேன்ல? அந்தப் புள்ள செத்திருந்தா அவ போட்டோவையும் பெருசாப் போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு நாப்பத்தெட்டாவதா வச்சிருப்பீங்க!"

அவர், "மொதல்ல யாரு போட்டோவ எடுக்கிறது? எவன் வீட்டுக்கு நான் பதில் சொல்றது?" என்று முனகினார்.

"ரத்தினவேல எடுடா ரகு" என்றேன். "அப்பறம் மத்ததையும் எடு. கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றேன்."

எடுத்தான். என் போனில் திறந்து பார்த்தேன். தொட்டதும் வந்தது. பேர், ரத்த வகை, ஊர், நம்பர். அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டார். எடுத்ததுமே, "என்ன செவந்தி, சைட்டுல என் போட்டோவக் காணோம்?" என்றார்.

காலையிலிருந்து அடக்கியதெல்லாம் பொங்கிவிட்டது. "ஒங்க அக்கா மக சாகக் கெடந்தா! அவ எப்புடி இருக்கான்னு ஒரு வார்த்த வருதா ஒங்க வாய்ல? போட்டோவாம் போட்டோ! நான்தான் எடுக்கச் சொன்னேன். என்ன இப்ப?"



"காவ்யா நல்லாருக்கான்னு அக்கா அஞ்சு மணிக்கே சொல்லிருச்சு" என்றார் மெதுவாக. "அப்பறந்தான் சைட்டத் தொறந்தேன். தெனமும் வேல முடிஞ்சு வந்து தொறப்பேன். சுத்திக்கிட்டே இருக்கும், குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வந்துரும். இன்னைக்குத் தட்டுன ஒடனே தொறந்துச்சு. அதான் என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நல்லதுதான் செவந்தி. நாங்கள்லாம் இல்லாட்டித்தான் வேகமா ஓடுது" என்று சிரித்தார். சிரித்த மாதிரி இல்லை.

ஒன்பது வருடத்தில் அவர் ஊரில் இருந்தது மொத்தம் பதினான்கு மாதம். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"போன வச்சிட்டு வீடியோல வாங்க" என்று அதட்டினேன். "மூஞ்சியப் பாக்கணும்."