இரண்டாம் சாட்சி

கண்ணாடிக் கடைக்காரர் சாட்சி சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் கோர்ட் வராந்தாவில் அவர் வியர்த்து வழிந்ததைப் பார்த்திருந்தால், அவரைத்தான் விசாரிக்கப்போகிறார்கள் என்று யாரும் நினைத்திருப்பார்கள். உள்ளே அவர் மனைவி முதல் சாட்சியாக நின்றுகொண்டிருந்தாள். இவர் இரண்டாம் சாட்சி. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

நடந்தது சின்ன விஷயம். போன வருஷம் மொத்தக் கடையில் லென்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிய மனைவி, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் பையை வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஒருத்தன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாலு கடை தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரி அவளுடைய கன்றிப்போன இடது மணிக்கட்டைப் பார்த்தார். "கையில என்னம்மா காயம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அவன்தான் சார், கைய முறுக்கிப் பையப் பறிச்சிருக்கான்."

முறுக்கியது அவரேதான். ஐந்து நாளைக்கு முன், கடைக்குள், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். அதற்காக ஒரு மனுஷியின் கையை முறுக்குவார்களா? அவர் முறுக்கினார். திருடன் அகப்பட்டதும், நல்லவேளை என்றுகூட மனசுக்குள் நினைத்துக்கொண்டார். அவள் ஸ்டேஷனில் ஒன்றும் சொல்லவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மனைவி பேசாமல் இருந்தால் அதைத் தன் பக்கத்துக்கு வரவு வைத்துக்கொள்ள எந்தக் கணவனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வராந்தாவில் நின்ற போலீஸ்காரர் தைரியம் சொல்ல வந்தார். "கவலப்படாதீங்க. பைய மட்டும் எடுத்திருந்தா வெறும் திருட்டு, கொஞ்ச நாள்ல வெளிய வந்துடுவான். கை வச்சுக் காயப்படுத்திட்டான்ல, அது வழிப்பறி. பத்து வருஷம் வரைக்கும் போகும். எல்லாம் உங்க ரெண்டு பேர் வாயிலதான் இருக்கு."

பத்து வருஷம். உண்மையைச் சொல்லிவிடலாமா? தெருவில் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தப் பெயர் என்னாவது? அதோடு, அவள் உள்ளே 'திருடன்தான் முறுக்கினான்' என்று சொல்லியிருந்தால், இவர் உண்மை பேசினால் அவளல்லவா பொய்க்காரி ஆவாள்? இந்தச் சாக்கு அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. மனைவியின் மானத்தைக் காப்பாற்றுகிறவராகவே எழுந்து உள்ளே போனார்.

சாட்சி சொல்லி முடித்த அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு எடுக்கிறவருக்கு, பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவளின் பார்வை என்ன கேட்கிறது என்று தெரியவில்லை. தனக்குச் சௌகரியமாக இருந்ததையே அதில் படித்துக்கொண்டார்.

குற்றவாளிக் கூண்டில், தோள் தொங்கும் சட்டையோடு ஓர் ஒல்லியான ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காயம் எப்படி ஏற்பட்டது?" என்றார் அரசு வக்கீல்.

"அவன் முறுக்கினதுதாங்க," என்றார் கண்ணாடிக்காரர், குரல் பிசிறாமல்.

திருடனின் வக்கீல் ஒரு சின்னப் பெண். சத்தமே போடாமல் கேட்டாள். "டாக்டர் அன்னிக்கே பாத்திருக்கார். காயத்தோட ஓரமெல்லாம் மஞ்சளாயிருந்ததுன்னு எழுதியிருக்கார். புதுக்காயம் ஒரே நாள்ல மஞ்சளாகுமா?"

"அவ உடம்பு வாகு அப்படி. சீக்கிரமே மஞ்சளாயிடும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

வக்கீல் பெண் நீதிபதியிடம் அனுமதி கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்தாள். "உங்க மனைவி கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இங்க சொன்னதைப் படிக்கறேன். 'பையை எடுத்தவர் என்னைத் தொடவே இல்லை. காயம் அதற்கு முன்பே இருந்தது. எப்படி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். என் கணவர் அடுத்து வருகிறார், அவரே சொல்லுவார். அன்றைக்கு ஸ்டேஷனில் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார். ஆனால், தான் செய்ததற்கு இன்னொருத்தர் ஜெயிலுக்குப் போகட்டும் என்று விடுகிற மனுஷர் இல்லை அவர்.'"

அவர் சாட்சிக் கூண்டின் மரக்கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அவரைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார், வீட்டுக்குப் போய்க் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவள் அவரை நம்பியல்லவா தொலைத்திருக்கிறாள்!

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"நான்தான்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"நான்தான் முறுக்கினேன்," என்றார் கண்ணாடிக்காரர், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. திருடனை அவள் ஏற்கெனவே காப்பாற்றிவிட்டாள். இவருக்கென்று அவள் விட்டுவைத்திருந்தது இவரே தானாகச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதையும் இவர் பிடிபட்ட பிறகுதான் சொன்னார்.