ஆதியம்மாளுக்கு அழுகை வந்த நாள்

நெம்மேலிக் கரையில் மீன் ஏலம் நடந்தால் ஆதியம்மாளின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கும். மகள் கண்ணகி பிறந்த பிறகு அந்தக் குரல் தடித்தது, தேய்ந்தது, நின்றே போனது. முகம் உப்பியது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. சித்திரை வெயிலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் கிடந்தாள். பக்கத்தில் குழந்தை வீறிட்டு அழும். பார்த்துக்கொண்டே இருப்பாள், கை எழாது.

"ஒடம்பு வணங்காத பொம்பள" என்றான் புருஷன் சிங்காரம். பிறகு பேய் என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். கடைசியில் அவளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு, சிங்காரம் பூவாயியைக் கட்டிக்கொண்டான். குழந்தையை அவனே வைத்துக்கொண்டான். சேதி சொன்ன தம்பி மாரிதான் அழுதான். ஆதியம்மாள் "சரி" என்றாள், அவ்வளவுதான். செத்தால் தேவலை என்று தோன்றியது. அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே என்று கிடந்தாள்.

கால் வீங்கியதைக் காட்டத்தான் மாரி அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். டாக்டரம்மா அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுமுறை போனபோது விஷயம் தெரிந்தது.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. உனக்கு அது சரியா வேலை செய்யல. மனசு இப்படிச் சோர்ந்து கிடக்கிறதும் அதனாலதான். தினமும் மாத்திரை போடு. நிறுத்தவே கூடாது."

மாதங்கள் போயின. ஒரு காலையில் குழம்பு வாசனைக்கு அவளுக்குப் பசித்தது. போர்வையை உதறி எழுந்தாள்.

"மாரி, எம் புள்ள எங்கடா?"

நெம்மேலிக்குப் போனார்கள். வாசலில் சிங்காரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை மாரி அவனிடம் சொன்னான்.

"நோவா? அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"எனக்கே தெரியாதே."

அவன் மறுபடி வலையைப் பிரிக்கக் குனிந்தான். பூவாயிதான், "தூக்கிக்கோக்கா" என்று இடுப்பிலிருந்த கண்ணகியை நீட்டினாள். கை மாறியதும் குழந்தை அலறியது. "யம்மா, யம்மா" என்று பூவாயியைப் பார்த்துத் தாவியது. ஆதியம்மாள் கொடுத்துவிட்டாள்.

பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் சவுக்குத் தோப்பு மணலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். மாரி பயந்துபோனான்.

"அந்த மாத்திரயே வாணாம்க்கா. அது போடறதுக்கு முன்னாடி நீ இப்டி அழுவலியே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பெத்த புள்ளய நெனச்சி அழுவக்கூட முடியாமக் கெடந்தேனேடா. அப்டி இன்னொருவாட்டி கெடக்க மாட்டேன். போடுவேன்."

சொல்லிவிட்டு மறுபடி அழுதாள்.