ஜெப்சியின் இதயப் படம்

"பழைய ஆஞ்சியோ படம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டதும் பிரிஜாவுக்கு உயிர் வந்தது. மகள் ஜெப்சிக்கு இரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் இதய அறுவை முடிந்ததும் எடுத்துக் கொடுத்த ஆஞ்சியோ சிடி அவள் கைப்பையிலேயே இருந்தது. பதிமூன்று வருடம் கடலோரக் கடியப்பட்டணத்து வீட்டில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது ஜெப்சிக்கு அவசரமாக இரண்டாவது அறுவை செய்ய வேண்டியிருந்தது.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இதப் போட்டுப் பாக்க இங்க வசதி இல்லியே."

நாகர்கோவிலின் அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டரிலும் சிடி போட இடமில்லை. முதலில் அறுவை செய்த ஆஸ்பத்திரி மூடிப்போயிருந்தது. ஜெப்சியின் சிறுநீரகம் பலவீனமானதால் சாய மருந்து ஏற்றிப் புதிதாகப் படம் எடுக்கவும் முடியாது. அன்று வைத்த செயற்கைக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் நெஞ்சைத் திறந்தால் கத்தி அதில் பட்டுவிடலாம்.

"சாயங்காலத்துக்கு மேல தள்ளிப்போட முடியாதும்மா."

கணவன் ஆபேல் ஆழ்கடலில் இருந்தான். போன் கிடைக்கவில்லை. நர்ஸிடம் சொல்லிவிட்டு பிரிஜா வெளியே ஓடினாள்.

வடசேரியில் முதல் கம்ப்யூட்டர் கடைக்காரர் கையை விரித்தார். "சிடி டிரைவா? எல்லாத்தயும் பழைய இரும்புக்குப் போட்டாச்சு." அடுத்த கடைப் பையன் நகத்தளவு கார்டு ஒன்றைக் காட்டினான். "இதுல ஆயிரம் சிடி கொள்ளும் அக்கா."

"எனக்கு இந்த ஒண்ணப் பாத்தா போதும் மக்கா."

அவன்தான் பார்வதிபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் அனில்குமாரின் ஸ்டுடியோவைச் சொன்னான். ஆட்டோ பிடித்துப் போனாள். அனில்குமார் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி உயிர்ப்பித்தார். சிடியை வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரத்தில் வெளுத்த புள்ளிகள் தெரிந்தன.

"உப்புக்காத்து தின்னிருக்கு."

"கெட்டே போவாதுன்னு அன்னைக்குச் சொன்னாவளே."

"பிளாப்பிக்கும் அப்படித்தான் சொன்னாவ. புதுசு ஒண்ணு வரும்போதெல்லாம் பழையத அதுல மாத்திப் போடணும். யாரு செய்யா? எனக்க கல்யாண வீடியோவே போச்சு."

டிரைவ் கரகரவென்று அரைத்தது. சில படங்கள் வந்தன. பிறகு நின்றுவிட்டது. வந்த படங்களை அவர் பிரிஜாவின் போனிலிருந்து டாக்டருக்கு அனுப்பினார். டாக்டர் உடனே கூப்பிட்டார். "வலது பக்கம் தெளிவா இருக்கு. இடது பக்கம் வரல. இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க."

அனில்குமார் சிடியைத் துடைத்து மறுபடி போட்டார். வேகம் ஏறி, ஏறி, உள்ளே படாரென்று ஒரு சத்தம். தட்டை இழுத்தபோது சிடி துண்டு துண்டாக வந்தது.

பிரிஜா துண்டுகளை மடியில் பொறுக்கினாள். "இத ஒட்ட முடியுமா சாரே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பாதி போதாது. ஆனா பிள்ளைக்கு நேரமில்ல."

பிரிஜா கையெழுத்திட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஜெப்சி, "பயமா இருக்கும்மா," என்றாள். எனக்கும்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். கதவு மூடியது.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் உடுப்பு வியர்வையில் நனைந்திருந்தது. "இடது பக்கம் குழாய் கிழிஞ்சுட்டு. ரத்தம் நிறையப் போச்சு. தச்சிருக்கோம். உயிர் இருக்கு. மூளைக்கு ரத்தம் கொறஞ்சிருக்கலாம், கண் முழிச்சாத்தான் சொல்ல முடியும்."

மூன்றாம் நாள் ஜெப்சி கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். இடது கை மட்டும் அசையவில்லை. பிரிஜா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது.