அடுத்தவள் நிரை

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சுங்காய் மண்டபத்தின் பின்வாசலில் லோரி வந்து நின்றதும் நாடகக் குழுவின் பதினோரு பேரும் இறங்கினார்கள். மேடையில் பாடுகிறவர்கள்தான் மேடையையும் தூக்க வேண்டும். மேடைக்கான ஆளுயரப் பலகைத் தட்டு ஒவ்வொன்றும் நனைந்த மரம்போல் கனத்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பனியில் நனைந்த படியில் கால் வழுக்கும். வழுக்கினால் தட்டு முழங்காலில் இறங்கும். கலாதேவியின் உள்ளங்கையில் சிராய் ஏறியது. இந்த வாரத்தில் இது நான்காவது. அவளுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஈப்போவில் ஒரு பிஸ்கட் ஆலையில் பொட்டலம் கட்டுகிறவள். எண்ணியதையே இன்னொரு முறை எண்ணினால்தான் மனம் ஆறும்.

பன்னிரண்டு தட்டுகளையும் சாய்வாகச் சேர்த்தால் அதுதான் ரப்பர் காட்டு மேடு. அதன் உச்சியில் நின்று பாடுபவள் ராக்காயி, 'ஏழாம் நிரை' என்ற இசை நாடகத்தின் நாயகி. அந்த வேடம் அவர்களில் ஒருத்தியான துளசியுடையது. ஈப்போவில் அரங்கேற்றுவதற்கு முன் சிறிய ஊர்களில் ஆடிப் பார்த்துவிடலாம் என்றார் தயாரிப்பாளர் ஹரிஷாந். சிலிம் ரிவர் முடிந்தது, இன்று சுங்காய்.

சிலிம் ரிவரோடு தச்சரையும் நிறுத்திவிட்டார். நடிகர்களே மாட்டிக்கொள்ளலாம், அதற்கு ஒரு ஆள் எதற்கு என்றார். ஒரு தட்டுக்கு நான்கு போல்ட்டு வேண்டும். எட்டாவது தட்டுக்கு வந்தபோது கலாதேவியின் கையில் இரண்டுதான் இருந்தன. தேடிப் போய்க் கேட்டாள். ஹரிஷாந் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்கு மட்டும் சொல்றேன் கலா, ரெண்டே போதும். கெட்டியா முறுக்கு."

கை சிவக்க முறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

அன்று மாலை இரண்டாவது பாட்டில் துளசி தோளில் காண்டாக் கம்போடு மேட்டில் ஏறினாள். கம்பின் இரு முனையிலும் வாளிகள், வாளிகளில் பால்போல் வெளுத்த நீர். எட்டாவது தட்டில் அவள் கால் பட்டதும் கதவு சாத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஒரு வாளி உருண்டு முன்வரிசைக்குப் போனது. அதுவும் நாடகம் என்று நினைத்த சனம் கை தட்டியது. துளசியின் கணுக்கால் போகக் கூடாத திசையில் திரும்பிக் கிடந்தது.

மறுநாள் மருத்துவமனையில் முழங்கால்வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தாள் துளசி. கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"அந்தத் தட்டை யாருடி மாட்டினது?"

"தெரியலக்கா."

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்தாள் கலாதேவி. பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது.

அடுத்த ஊரான சிம்பாங் பூலாய் காட்சியை ஹரிஷாந் ரத்து செய்தார். அங்கே எடுத்திருந்த மண்டபத்தில் ஒத்திகை மட்டும் நடக்கும், பிறகு நேரே ஈப்போ. மண்டபத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் கலாதேவியை உட்காரவைத்து, இனி ராக்காயி நீதான் என்றார். துளசிக்குப் பூ அனுப்பியிருப்பதாகவும், கால் ஆற மூன்று மாதம் ஆகும், அரங்கேற்றம் அதுவரை காத்திருக்காது என்றும் விளக்கினார். பிறகு குரலைத் தணித்தார்.

"எட்டாவது தட்டு உன்னோடதுதானே? நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

ராக்காயியின் பாட்டுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஆலையில் இயந்திரச் சத்தத்துக்கு அடியில் அவற்றைப் பாடிப் பாடித்தான் ஷிப்டைக் கழிப்பாள். நீ பாடு என்று ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில், ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

துளசியின் ரவிக்கையைக் கலாதேவிக்குப் பிடித்துத் தைத்தாள் மாரியம்மா, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள், கூட்டத்திலேயே பெரிய குரல்காரி. முகத்தைப் பார்க்கவில்லை. "மூச்சை இழுத்துக்க. அவ உடம்பு வேற, உன் உடம்பு வேற," என்றாள். தலைத்துண்டில் இன்னும் துளசியின் தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது.

ஒத்திகையில் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேர் வாசித்து, ஆளாளுக்குப் பால் சீவ வேண்டிய மர வரிசையை, அவரவர் நிரையைப் பிரித்துக் கொடுப்பார். ராக்காயியை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். அவள் நிரைக்கு யார் போவது என்று கிராணி கேட்பார். மேட்டில் ராக்காயி தனியாக நிற்பாள். கீழே நிற்கும் கூட்டம் காலால் தரையை உதைத்துப் பாடும்: அடுத்தவ நிரையில கத்தி வைக்க மாட்டோம்.

அந்த வரியை மூன்று மாதமாகக் கூட்டத்தில் நின்று கலாதேவியும் பாடியிருக்கிறாள். இப்போதுதான் மேட்டிலிருந்து கேட்டாள். யாரும் அவளைக் குத்திக் காட்டவில்லை. எப்போதும்போலத்தான் பாடினார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் பாடவேண்டிய இடம் வந்தது, போனது. மத்தளம் நின்றது.

"எட்டாவது தட்டை மாட்டினது நான்தான்," என்றாள். "ரெண்டு போல்ட்டுதான் போட்டேன். துளசிக்கா கேட்டப்ப தெரியலன்னு சொல்லிட்டேன்."

கிராணி வேடத்தில் இருந்த சன்னாசி, ஒரு கிடங்கின் காவலாளி, கையிலிருந்த பேர்ப் புத்தகத்தைக் கீழே வைத்தார்.

"நான் மாட்டினதும் ரெண்டுதாம்மா."

மாரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குமா? என்கிட்ட உனக்கு மட்டும் சொல்றேன்னுல்ல சொன்னாரு."

ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒவ்வொருவரும் தான் மாட்டிய தட்டில் மட்டும்தான் போல்ட்டு குறைவு என்று நினைத்து, வெட்கப்பட்டு மறைத்திருந்தார்கள். சன்னாசி மேட்டுக்கு அடியில் ஊர்ந்து போனார். பின்னாலேயே கலாதேவியும் போனாள். வெற்றுத் துளைகள் வழியாக மேடை விளக்கு உள்ளே ஒழுகியது. எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு தட்டுக்கு இருபத்துநான்கு வெற்றுத் துளைகள். துளசி விழுந்த பிறகும் ஒரு போல்ட்டுகூடக் கூடவில்லை.

வெளியே வந்தபோது ஹரிஷாந் நின்றுகொண்டிருந்தார். தாத்தா தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர் என்று நாடக நோட்டீஸில் பெருமையாகப் போட்டுக்கொண்டவர். பாட்டு ஏன் நின்றது என்று அமைதியாகக் கேட்டார்.

கலாதேவி ராக்காயியின் தலைத்துண்டை அவிழ்த்தாள். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னாள். கால் ஆறும்வரை அரங்கேற்றம் காத்திருக்க வேண்டும். வேடம் துளசியுடையது. வைத்தியச் செலவு கம்பெனியுடையது. தச்சர் திரும்பி வர வேண்டும், தட்டுக்கு நான்கு போல்ட்டு. ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மாரியம்மாவைப் பார்த்தாள். மாரியம்மா இல்லை என்று தலையசைத்தாள்.

"இது நாடகம் கலா. தோட்டம் இல்ல."

"நாங்க தூக்குற தட்டு மட்டும் நெசம், அப்படித்தானே பாஸ்?" என்றாள் மாரியம்மா.

"நாளைக்கே கேஎல்ல இருந்து வேற பொண்ணு வரும். ஏறி நிப்பா."

"எதுமேல பாஸ்?" என்றாள் கலாதேவி. "ரெண்டு போல்ட்டு மேலயா?"

ஹரிஷாந்தின் முகம் இறுகியது. "அப்ப நீ பிஸ்கட் ஃபேக்டரிக்கே போய்க்க. உன்னை மாதிரி நூறு பேர் பாடுறாங்க."

அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சன்னாசி முன்னால் வந்தார். "உங்க தாத்தா பேரு வாசிச்சாரு, சரி. 'இருக்கேன்'னு சொன்னது எங்க சனம்லா. நாங்க பதில் சொல்லலன்னா பெரட்டு ஏது பாஸ்?"

மறுநாள் விடியற்காலை லோரி வந்தது. ஈப்போவுக்கு ஏற்ற வேண்டிய தட்டுகள் பின்வாசலில் அடுக்கியபடி கிடந்தன. துளசியைத் தவிர்த்து மிச்சமிருந்த பத்துப் பேரும் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தூக்கவில்லை. ஓட்டுநர் தர்மேந்திரன் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு "சும்மா எண்ணெய் எரியுதுலா," என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, அவரும் ஒரு தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஹரிஷாந் காருக்குள் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார். தலைநகர் கேஎல்லிலிருந்து அந்தப் பெண் கிளம்பிவிட்டாளோ என்னவோ. ஆலை இனிமேல் இவ்வளவு நாள் விடுப்புக் கொடுக்காது என்பது மட்டும் கலாதேவிக்கு நிச்சயமாகத் தெரியும்.

சுண்ணாம்புக் குன்றுகளின் விளிம்பு வெளுக்கத் தொடங்கியது. அவள் கொஞ்சம் தள்ளிப் போய்த் துளசியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, அந்தத் தட்டை மாட்டினது நான்தான்."

மறுமுனையில் பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அப்படியே வைத்துவிடுவாள் என்று கலாதேவி நினைத்தாள்.

"மாரியம்மாக்கா ராத்திரியே எல்லாம் சொன்னாங்க," என்றாள் துளசி கடைசியில். "நீ சொல்றியான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்." குரலில் கசப்பு போகவில்லை. "உன்மேல எனக்கு இன்னும் ஆறல கலா. அதை அப்புறம் பேசிக்கலாம். லோரி எங்க?"

"நிக்குதுக்கா."

"ஆளுங்க?"

கலாதேவி திரும்பிப் பார்த்தாள். எண்ண வேண்டும்போல் இருந்தது. எண்ணவில்லை.

"எல்லாரும் இருக்காங்க."

"நீ ஏன் தனியா நிக்கற அப்ப? போய் உட்காரு," என்றாள் துளசி.

போனாள். மாரியம்மா நகர்ந்து இடம் விட்டாள்.