மூடியில் மஞ்சள் பெயிண்ட்

எட்டு மணிக்குப் பழைய சாமான் வாசல் விற்பனை. இன்னும் நான்கு நிமிடம்.

எமெட் ஸ்வாப் வீட்டுப் புல்வெளியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பதினோரு பேர். கால்தான் வெளியே, கண்ணெல்லாம் எப்போதோ உள்ளே போய் மேசை மேசையாக மேய்ந்துகொண்டிருந்தது.

மார்வெல்லா குரூகரின் கண் மூன்றாவது மேசையில் அப்படியே நின்றது.

பச்சை இரும்புப் பெட்டி. ராணுவத்தில் தோட்டா போட்டு வைப்பது. விஸ்கான்சின் மாநிலத்தில் பாதி வீட்டுக் கராஜ்களில் இப்படி ஒன்று கிடக்கும். ஆனால் மூடி ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் வழிந்து காய்ந்த பெட்டி? அந்தப் பெயிண்டைக் கொட்டியவளே அவள்தான்.

ஆறு வருடம்!

அப்பா ஓரின் ஹால்வர்சன் காலமான பிறகு கராஜை ஒழித்து வாசலில் விற்பனை போட்டாள். துரு ஆணி நிறைந்த இந்தப் பெட்டியை, 'ஆணியோடவே எடுத்துட்டுப் போங்க' என்று சிரித்துக்கொண்டே யாருக்கோ ஒரு டாலருக்குத் தூக்கிக் கொடுத்தாள். மறுவாரம் தம்பி வெண்டல் வந்து பெட்டி எங்கே என்றான். ஆணிக்கு அடியில், ஒரு பழைய காலுறைக்குள், அப்பாவின் ஊதா இதயப் பதக்கம் இருந்ததாம். இத்தாலியில் போரில் தொடையில் குண்டு வாங்கியதற்காகக் கிடைத்தது. அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லாதது அவன் தப்பு, பார்க்காதது இவள் தப்பு. அன்றைக்குக் கதவை அறைந்துவிட்டுப் போன வெண்டல், அதன் பின் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மே முதல் செப்டம்பர் வரை ஒரு சனிக்கிழமை விடாமல் தேடல்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அந்த வட்டாரத்தில் தெரியாத சந்து கிடையாது. ராணுவச் சாமான் என்று பத்திரிகை விளம்பரத்தில் ஒரு வார்த்தை இருந்தால் போதும், முதல் ஆளாக நிற்பாள்.

"என்ன டிரைவரம்மா, இன்னிக்கு எதை முறைச்சுப் பாக்கறீங்க?"

பின்னாலிருந்து லைல் கிரிஸம். பழைய ராணுவச் சாமான் வாங்கி விற்கும் தரகன். நாற்பது வயது, நீளக் கால்.

"உன் வேலையைப் பாரு, லைல்."

"அதைத்தான் பாக்கறேன். நீங்க பாக்கறதையும் சேத்து."

கயிறு இறங்கியது.

மார்வெல்லாவின் முழங்கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்டு நான்கு வருடமாகிறது. அவள் மூன்றாவது மேசையை அடைவதற்குள் பெட்டி கிரிஸம் கையில் இருந்தது.

வாசல் விற்பனையில் எழுதாத சட்டம் ஒன்றுதான். கையில் இருக்கிறவரை சாமான் உன்னுடையது. கீழே வைத்தாயா, ஊருடையது.

"லைல், அது எங்க அப்பாவோடது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் ஜீப்பையே அவங்க மாமாவோடதுன்னாரு."

கெஞ்சினால் விலை ஏறும், அவ்வளவுதான் நடக்கும். மார்வெல்லா வாயை மூடிக்கொண்டு பக்கத்து மேசையைப் பார்த்தாள். உறைக்குள் ஒரு கத்தி, துப்பாக்கி முனையில் மாட்டுவது. எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"அட, உறையிலயும் முத்திரை, பிடியிலயும் முத்திரை. ரெண்டும் ஒரே ஜோடி போலிருக்கே!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அலட்சியமாக அவன் மூக்குக்கு நேரே மேசையில் வைத்தாள்.

கத்தியை உருவிப் பார்க்காமல் வாங்குகிற தரகன் பிறக்கவில்லை. உருவ இரண்டு கை வேண்டும். கிரிஸம் எச்சில் விழுங்கினான். அவளைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். பெட்டியைப் புல்லில் வைத்து, இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டு, கத்தியை உருவினான்.

மார்வெல்லா குனிந்தாள். முழங்கால் அலறியது. பெட்டி அவள் கையில்!

"ஏய்! அது என்னோடது! காலுக்கு நடுவுல வச்சிருந்தேன்!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எமெட் ஸ்வாப் தொப்பியை நிமிர்த்தினார். எழுபத்தைந்து வயது மனிதர்.

"காலெல்லாம் கணக்குல வராது தம்பி. கையில இருக்கணும்."

கூட்டம் சிரித்தது. கிரிஸம் முணுமுணுத்துக்கொண்டே கத்தியோடு நகர்ந்தான்.

மூன்று டாலர் சீட்டு ஒட்டியிருந்தது. கொடுத்துவிட்டு, கொக்கியைத் தள்ளி மூடியைத் திறந்தாள்.

காலி. ஓர் ஆணிகூட இல்லை.

ஆறு வருட சனிக்கிழமைகளும் அந்தக் காலிப் பெட்டிக்குள் விழுந்தது போலிருந்தது.

"ஐயா, இதுக்குள்ள ஆணி இருந்திருக்கணுமே?"

எமெட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருந்துச்சு. போன குளிர்காலத்துலதான் கொட்டினேன். ஏம்மா கேக்கறீங்க?"

"அடியில ஒரு காலுறை..."

அவர் முகம் மாறியது. "அது விக்கறதுக்கில்ல. பின்னால பேரு வெட்டியிருக்கு. அந்தப் பேரை டெலிபோன் புத்தகத்துல தேடினேன், ஆளைக் காணோம். எந்த வாசல்ல வாங்கினேன்னும் ஞாபகமில்ல. கோடைக்கு நாப்பது வாசல் ஏறி இறங்கறவன் நான்."

"ஓரின் ஹால்வர்சன். எங்க அப்பா. நான் கல்யாணமாகி குரூகர் ஆயிட்டேன். தம்பி தன் பேரைப் புத்தகத்துல போட வேண்டாம்னு சொல்லிட்டான்."

கிரிஸம் காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். எமெட் அவனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு இவளை.

"பேரை யாரு வேணும்னாலும் விசாரிச்சுட்டு வரலாம்மா. அதுல பேரைத் தவிர இன்னொண்ணு இருக்கு. அது என்ன?"

மார்வெல்லா கண்ணை மூடினாள். பதக்கத்தை அவள் பார்த்ததே ஒரே ஒரு முறை. எட்டு வயதில். அன்றைக்கு அப்பா போட்ட சத்தத்துக்குப் பிறகுதான் அது மறைந்தே போனது.

"பல்லு," என்றாள். "என் தம்பி அதை எங்க நாய் கழுத்துல மாட்டி ஊர்வலம் விட்டான். நாய் ஓரத்தைக் கடிச்சு வச்சிருச்சு."

எமெட் ஸ்வாப் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பல்லேதான்! எலியா, பூனையான்னு ஆறு மாசமா மண்டையை உடைச்சுக்கறேன்!"

"பல் தடம் விழுந்தா சந்தையில பாதி விலைகூட வராது," என்றான் கிரிஸம், யாரும் கேட்காமலே.

"உன்னை யாருப்பா கேட்டா?" என்றார் எமெட்.

சமையலறையில், எமெட்டின் சுவர்த் தொலைபேசியில், ஆறு வருடமாகச் சுழற்றாத எண்ணைச் சுழற்றினாள். மறு கையில் எமெட் எடுத்துக் கொடுத்த பதக்கம். ஊதா மங்கவில்லை.

"வெண்டல், நான்தான். வச்சுடாதே. கிடைச்சிருச்சு."

நல்லவேளை, வைக்கவில்லை.

"நாய் கடிச்ச இடம்?" என்றான் அவன். குரல் பிசிறியது.

"இருக்கு. மேல ரெண்டு, கீழ ஒண்ணு. உன் ஊர்வலத்தோட லட்சணம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பின்னாலேயே ஒரு சிரிப்பு.

"எங்க இருக்கே? அங்கேயே இரு, கிளம்பிட்டேன். அதுக்குள்ள ஒரு டாலருக்கு எவனுக்காவது தூக்கிக் குடுத்துடாதே."

எமெட் காபி ஊற்றிக் கொடுத்தார். மார்வெல்லா இடது கையாலேயே வாங்கிக் குடித்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தாள். பதக்கம் இருந்த வலது கையை, தம்பியின் வண்டி வந்து நிற்கும் வரை அவள் திறக்கவில்லை.